நாற்பத்து மூன்றாவது மைலில் திரும்பியவள்

எங்கள் ஊரில் ரயில் வராத தண்டவாளம் ஒன்று உண்டு. தானியக் கிடங்குக்குப் போன கிளைப்பாதை அது. கடைசி வண்டி போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. கட்டைகளுக்கு நடுவில் காட்டுச் சூரியகாந்தி முளைத்துக் கிடக்கிறது. பள்ளிப் பேருந்து எந்தத் தண்டவாளத்தைக் கடந்தாலும் நிறுத்தி, கதவைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது சட்டம். மற்ற ஓட்டுநர்கள் அந்த இடத்தில் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பதோடு சரி. லோரீன் ஹவெல்கா மட்டும் நிறுத்துவாள். ஜனவரி மாதக் குளிரில், உள்ளே இருக்கும் பிள்ளைகள் கூச்சல் போட, கதவை அகலத் திறந்து வைத்து வராத ரயிலுக்குக் காது கொடுப்பாள். அதன் பின்னால் என் பிக்கப் வண்டியில் உட்கார்ந்து எத்தனை காலை நான் ஹாரன் அடித்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

நான் வெர்ன் ஓல்ட்மன்ஸ். செடார் ஃபோர்டு விமானத் திடலில் மெக்கானிக். திடல் என்றால் ஒரு ஓடுபாதை, இரண்டு கொட்டகை, இருபது வருடமாக நான் கழுவாத ஒரு காபிக் குடுவை. வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். பொய் இல்லை.

லோரீன் என் கொட்டகைக்கு முதலில் வந்தது பறப்பதற்காக இல்லை. பேருந்தின் பக்கக் கண்ணாடிக் கம்பி ஒடிந்துவிட்டது, பற்றவைத்துத் தர வேண்டும் என்று வந்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்தொன்று. பேருந்து ஓட்டத் தொடங்கிப் பதினெட்டு வருடம். நான் பற்றவைத்துக்கொண்டிருக்கும்போது என்னுடைய பழைய செஸ்னாவைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். தன்னைவிட அதைத்தான் நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்று என் மனைவி என்னை விட்டுப்போகும்போது சொன்னாள்.

"இத ஓட்டக் கத்துக்க எவ்வளவு நாளாகும்?" என்றாள்.

"இதையா? ஒரு வருஷம்."

"ஏர்லைன்ல பெரிசு ஓட்ட?"

நான் சிரித்தேன். "அதுக்குள்ள உனக்குப் பல்லு கொட்டிரும், லோரீன்."

"அறுபத்தஞ்சு வரைக்கும் ஓட்டலாமாமே. பல்லு அதுவரைக்கும் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கம்பியை வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரமே பக்கத்து ஊர்ப் பயிற்சியாளரிடம் சேர்ந்துவிட்டாள். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு எட்டரைக்கு வருவாள். இரண்டரைக்குத் திரும்ப ஏற்றப் போய்விடுவாள். நடுவில் இருந்த ஆறு மணி நேரம்தான் அவளுடைய வானம். முதன்முதலாகத் தனியாகப் பறந்து இறங்கியவரின் சட்டைப் பின்பக்கத்தை வெட்டி எடுத்துவிடுவது எங்கள் வழக்கம். அன்றைக்கு அவள் பேருந்து ஓட்டுநர்களின் மஞ்சள் மேல்சட்டையைக் கழற்ற மறந்து வந்திருந்தாள். தகரம் வெட்டும் கத்தரியால் அதையே வெட்டினேன். அந்த மஞ்சள் துண்டு இன்னும் என் கொட்டகைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது.

ஏர்லைன் விமானியின் சான்றிதழ் சும்மா கிடைக்காது. ஆயிரத்தைந்நூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் நூறு மணி இருட்டில். எழுபத்தைந்து மணி வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து. ஐந்நூறு மணி தூரப் பயணம். இந்தக் கடைசியில்தான் வம்பே. புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் ஐம்பது கடல் மைலைத் தாண்டினால்தான் அது தூரப் பயணம். நாற்பத்தொன்பதில் திரும்பிவிட்டால், வழியில் எத்தனை வட்டம் அடித்திருந்தாலும், பதிவேட்டில் அந்தக் கட்டத்தில் பூஜ்ஜியம்தான். லோரீன் கோடைகாலம் முழுக்கப் பாராசூட்டில் குதிக்கிறவர்களை ஏற்றிப் பறந்தாள். மேலே போ, அவர்களைத் தள்ளு, கீழே வா, மறுபடி மேலே போ. நாளுக்குப் பதினைந்து தடவை. மணி நேரம் குவிந்தது. தூரம் ஒரு முழம்கூட நகரவில்லை.

அதற்குத்தான் ப்ரென்ட் குச்செரா கிடைத்தான். அவனும் மணி நேரம் சேர்க்கிறவன், அவளைவிட இருபது வயது சின்னவன். இரண்டு பேரும் செலவைப் பாதிப் பாதி போட்டு ஒரு விமானம் எடுப்பார்கள். ஒருவர் முகத்துக்கு முன்னால் மறைப்பு மாட்டிக்கொண்டு கருவிகளைப் பார்த்து ஓட்ட, மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே காவல் பார்ப்பார். சட்டப்படி அந்தக் காவல்காரரும் தன் பதிவேட்டில் மணி நேரம் எழுதிக்கொள்ளலாம். ஒரு பறப்பு, இரண்டு பேருக்கும் மணி. நல்ல ஏற்பாடு.

ஒருநாள் அப்படிப் போய்விட்டு வந்து, காபி ஊற்றிக்கொண்டே லோரீன் கேட்டாள். நான் ஒரு எஞ்சினுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன்.

"வெர்ன், நான் காவலுக்கு உக்காந்தப்போ போன தூரத்த, தூரக் கட்டத்துலயும் எழுதலாமா?"

"தாராளமா எழுது. நீயும்தானே அவ்வளவு தூரம் போன? நடந்தா வந்த?"

குச்செரா சிரித்தான். அவளும் சிரித்துவிட்டு எழுதினாள். நான் அந்த விதியைப் படித்ததே இல்லை. யாரோ எனக்குச் சொன்னது. கொட்டகைகளில் பாதிச் சட்டம் அப்படித்தான் காபிக் குடுவையைச் சுற்றி வாய் வழியாக நடமாடும்.

எட்டு வருடம் ஓடியது. குச்செரா முதலில் தேறி ஒரு ஏர்லைனுக்குப் போய்விட்டான். லோரீனுக்கு நாற்பத்தொன்பதாவது வயதில், நவம்பர் மாதம், ஒரு நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. ஜனவரி ஆறாம் தேதி வகுப்பு. வகுப்பில் சேரும் நாளில் மணிக்கணக்கு முழுசாக இருக்க வேண்டும். மொத்தம் ஆயிரத்தைந்நூற்றுப் பன்னிரண்டு, தூரம் ஐந்நூற்று மூன்று. எல்லாம் இருந்தது. ஏர்லைனில் எந்த வகுப்பில் சேர்ந்தாய் என்பதுதான் உன் ஜாதகம். எந்த ஊரில் வேலை, எப்போது கேப்டன், கிறிஸ்துமஸ் அன்றைக்கு வீட்டில் இருப்பாயா, எல்லாம் அந்தச் சேர்ந்த தேதியில் அடங்கியிருக்கிறது. அறுபத்தைந்தில் இறங்கியே ஆக வேண்டிய ஒருத்திக்கு ஒரு மாதம் என்பதும் பெரிய தொகைதான்.

அந்தச் சந்தோஷம் பத்து நாள் நீடித்தது. ஒரு சாயங்காலம் கூடைப்பந்து ஆட்டத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய்விட்டு, ஆட்டம் முடியும்வரை பேருந்திலேயே உட்கார்ந்து விதிப் புத்தகத்தைப் படித்திருக்கிறாள். தேர்வுக்கு அதைக் கேட்பார்களே என்று. மறுநாள் காலை எட்டரைக்கு நேராக என் கொட்டகைக்கு வந்து, பதிவேட்டைப் பட்டறை மேஜையில் விரித்தாள்.

"காவலுக்கு உக்காந்தவருக்கு மணி நேரம் உண்டு. தூரம் கிடையாது. தூரம் ஓட்டினவருக்கு மட்டும்தான்" என்றாள். "நாப்பத்தோரு மணி நேரம் தப்பா எழுதியிருக்கேன். கழிச்சா நானூத்தி அறுபத்திரெண்டு. முப்பத்தெட்டு குறையுது."

என் முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்கு எஞ்சினுக்கு அடியிலிருந்து நான் சொன்னது சொல்லுக்குச் சொல் ஞாபகம் வந்தது. அவளுக்கு அது ஞாபகம் இருப்பதாகத் தெரியவில்லை. நானாகவும் வாயைத் திறக்கவில்லை. இருபது வருடமாக வாய் மூடத் தெரியாதவன் அன்றைக்குப் பார்த்து மூடிக்கொண்டேன்.

அவள் குச்செராவைக் கூப்பிட்டாள். அவன் குரல் கைபேசியிலிருந்து கொட்டகை முழுக்கக் கேட்டது.

"நான் கழிச்சுப் பாத்துட்டேன் லோரீன். எனக்குக் கழிச்சாலும் மிச்சம் நிக்குது. நீ ஏன் இப்போ போய் வாயத் தொறக்குற? எவன் உக்காந்து பக்கம் பக்கமா பாக்கப்போறான்? ரெண்டு மாசம் கழிச்சு நீ ஆகாசத்துல இருப்ப."

"நான் பாத்துட்டேனே ப்ரென்ட்."

"அப்போ பாக்காத மாதிரி இரு! ஐயோ, உன்கிட்ட பேசுறதுக்கு இந்தச் சுவத்துல முட்டிக்கலாம்."

வைத்துவிட்டு நிறுவனத்துக்கே கூப்பிட்டாள். அங்கே ஒரு அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். இடத்தை வைத்திருக்கிறோம், ஆனால் ஆறாம் தேதி காலை ஐந்நூறு இருந்தாக வேண்டும், இல்லையென்றால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும் என்றாள். பிறகு கேட்டாள்: "காவல்காரரும் தூரம் எழுதலாம்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

லோரீன் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லல மேடம். நான்தான் சரியா படிக்கல."

மறந்தே போய்விட்டாள் என்று நினைத்து எனக்கு நிம்மதி வந்தது. இப்படி ஒரு நிம்மதி வந்ததற்கே வெட்கமாகவும் இருந்தது. செஸ்னாவின் சாவியை எடுத்து அவள் முன் வைத்தேன். எட்டு வருடத்தில் யாரையும் தொட விட்டதில்லை.

"பெட்ரோல் மட்டும் நீ போட்டுக்க" என்றேன்.

"உனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே?" என்று கேட்டு, என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் கையை நீட்டினாள்.

என் செஸ்னா ஆமை. நெடுஞ்சாலையில் லாரிகள் அதைத் தாண்டிப் போவதை நானே மேலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் மணி நேரம் சேர்க்கிறவளுக்கு அதுவே வரம். விமானி எவரும் வேண்டாத எதிர்க்காற்றை லோரீன் தினமும் காலையில் வேண்டிக்கொண்டாள். காற்று பலமாக எதிரே வந்தால் அறுபது மைல் போக ஒரு மணி நேரம் ஆகும். "இன்னிக்கி எதிர்க்காத்து முப்பது, வெர்ன்! அருமை!" என்று குதிக்காத குறைதான். எதிர்க்காற்றுக்காகச் சந்தோஷப்பட்டு ஓடுபாதைக்குப் போன விமானியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

டிசம்பர் நடுவரை நன்றாகப் போயிற்று. பிறகு பள்ளி விடுமுறை வந்தது. முழு நாளும் கையில் இருந்தது, வானம்தான் கையில் இல்லை. பத்து நாள் உறைபனி மூட்டம். வேலிக் கம்பியெல்லாம் வெள்ளை. அவள் காலையில் வந்து உட்கார்ந்து, மதியம் வரை ஜன்னலைப் பார்த்துவிட்டு, என் காபிக் குடுவையைக் கழுவிவைத்துவிட்டுப் போவாள். மூட்டம் விலகிய இரண்டு நாளில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பறந்தாள். ஜனவரி ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் இருந்தது நானூற்றுத் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. ஒன்றேமுக்கால் மணிகூட வேண்டாம். ஒரே ஒரு பறப்பு.

அன்றைக்கு நானும் ஏறிக்கொண்டேன். முடிந்ததும் அங்கேயே குடிக்கலாம் என்று ஒரு ஃபிளாஸ்க் காபியும், என் தங்கை பழம் வைத்துச் செய்த கொலாச்சி ரொட்டி நாலும் மடியில் வைத்துக்கொண்டேன். வானிலை அறிக்கை பரவாயில்லை என்றது. மேற்கே போனோம். எதிர்க்காற்று அவள் கேட்ட மாதிரியே வந்தது. கீழே வெட்டிய சோளக் கட்டைகள், நடுவில் கோடு கோடாகப் பனி. அவள் கண் கருவிகளில் இருந்தது. நான்தான் அவள் கேப்டன் ஆனதும் எனக்கு முதல் வகுப்பில் இடம் தர வேண்டும் என்று உளறிக்கொண்டு வந்தேன்.

முப்பத்தைந்தாவது மைலில் மேகம் தாழ்ந்தது. நாற்பதில் கண்ணாடியில் மெல்லிய தூறல் விழுந்தது. அவள் இறக்கையைத் தாங்கும் கம்பியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அதன் முன் ஓரத்தில் நூல் கனத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. தூறல் பட்ட இடத்தில் உறைகிறது என்று அர்த்தம். தூரம் காட்டும் கருவியில் நாற்பத்து மூன்று என்று இருந்தது.

"ஏழு மைல்" என்றேன். "இந்தக் காத்துல ஆறேழு நிமிஷம். தொட்டுட்டுத் திரும்பிரலாம். இந்த வண்டிய எனக்குத் தெரியும், இவ்வளவு பனிய இது தாங்கும்."

அவள் இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள், கைப்பிடியை மெதுவாகச் சாய்த்தாள், அடிவானம் கண்ணாடியில் ஒரு முறை சுற்றி வந்தது. ஊர்ப் பக்கம் திரும்பியிருந்தோம். எட்டு வருடம் ஒரு ஏழு மைலுக்கு முன்னால் வந்து நின்றது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஃபிளாஸ்க் என் மடியில் கனத்தது.

இறங்கியபோது கம்பியில் பனி விரல் கனம் இருந்தது. நான் தட்டினேன், ஒரு துண்டு சலங் என்று தரையில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மழையாகவே கொட்டத் தொடங்கியது. அன்றைக்கு இனி எவனும் பறக்க முடியாது. அவள் மேஜையில் பதிவேட்டை விரித்து, பேனாவைத் திறந்தாள். மொத்தக் கட்டத்தில் ஒன்று புள்ளி ஒன்று என்று எழுதினாள். தூரக் கட்டத்துக்குக் கை வந்தது.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அம்பதத் தாண்டிட்டோம்னு எழுது லோரீன். கூட வந்தது நான் ஒருத்தன்தான். மிச்ச அரை மணிய நாளைக்கு விடியக்காலையில, வகுப்புக்கு முன்னாடி பாத்துக்கலாம். யாரு கேட்டாலும் நான் சத்தியம் பண்றேன். எழுது."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. பேருந்தில் பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பிள்ளைகளைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"போன தடவையும் நீதானே எழுதுன்னு சொன்ன, வெர்ன்" என்றாள்.

குனிந்து பூஜ்ஜியம் போட்டாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஐந்து வாரம் எல்லாம் தெரிந்தே என் காபியைக் குடித்திருக்கிறாள், என் விமானத்தில் பறந்திருக்கிறாள், அந்த அம்மாளிடம் என் பேரைச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கொலாச்சியை ஒரு கடி கடித்துவிட்டு, "உன் தங்கச்சிக்கு உள்ள ஆப்ரிகாட் பழம் வெக்கத் தெரியுது. உனக்கு வாய வெச்சுக்கிட்டு இருக்கத்தான் தெரியல" என்றாள். அழவில்லை. கதவு வரைக்கும் போனபிறகு தோள் மட்டும் ஒரு தடவை குலுங்கியது. மழைக்குள் நடந்து போனாள்.

திங்கட்கிழமை காலை, இடம் அடுத்தவருக்குப் போன அந்த நேரத்தில், லோரீன் பேருந்தில் இருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் இருந்தேன். தண்டவாளம் வந்தது. நிறுத்தினாள். கதவைத் திறந்தாள். வராத ரயிலுக்குக் காது கொடுத்தாள். நான் ஹாரன் அடிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் அடித்ததில்லை.

அந்த வாரம் புதன்கிழமை வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. அரை நாளில் ஐந்நூற்றைத் தாண்டிவிட்டாள். ஆனால் அடுத்த வகுப்பு ஏப்ரலில்தான் கிடைத்தது. மூன்று மாதம் போயிற்று. அதற்குள் அவளுக்கு முன்னால் நூற்றுப்பத்துப் பேர் சேர்ந்திருந்தார்கள். அங்கே முப்பது மணி நேரம் வகுப்பறையில் உட்கார வைத்தார்கள். உயரத்தில் காற்று எப்படி நடந்துகொள்ளும், இறக்கையில் பனி ஏறினால் விமானம் எந்த நிமிடம் கைவிடும் என்றெல்லாம். பிறகு பத்து மணி நேரம், தரையிலேயே நின்று ஆட்டும் போலி விமானத்தில். பிறகு எழுத்துத் தேர்வு, கடைசியாக ஒரு தேர்வாளர் பக்கத்தில் உட்கார்ந்து எஞ்சினை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கும் தேர்வு. பாதிப் பேர் அவளுடைய பிள்ளை வயது. எல்லாவற்றிலும் முதல் தடவையிலேயே தேறினாள். சேதி சொல்லக் கூப்பிட்டபோது, "பல்லு இருக்கா?" என்று கேட்டேன். "எண்ணிப் பாத்துட்டேன், முழுசா இருக்கு" என்றாள். நான் அழுதேன். அதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

கடைசி வரிசையில் சேர்ந்ததால் தொடர்ந்து நாலு கிறிஸ்துமஸ் அவளுக்கு வேலைதான். நாலாவது வருடமும் ஓமாஹா விமான நிலையத்தில் சாண்ட்விச் தின்றுதான் பண்டிகை கொண்டாடினாள். ஜனவரியில் சேர்ந்தவர்கள் வீட்டில் வான்கோழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை குறைசொன்னதில்லை.

போன பிப்ரவரியில் டென்வரில் இருக்கும் என் மகளைப் பார்க்கக் கிளம்பினேன். ஓமாஹாவில் விமானத்தில் ஏறி உட்கார்ந்து, இடுப்புப் பட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில், "உங்கள் கேப்டன் ஹவெல்கா பேசுகிறேன்" என்று கேட்டது. பட்டையை அப்படியே விட்டுவிட்டேன். அவளுக்கு நான் உள்ளே இருப்பது தெரியாது. எனக்கு இருபத்தேழாவது வரிசை, கழிப்பறை ஓரம்.

ஒரு மணி நேரம் நன்றாகப் போனோம். பிறகு மறுபடி அவள் குரல். அதே நிதானம், பேருந்தில் பிள்ளைகளை உட்காரச் சொல்லும் குரல். டென்வர் ஓடுபாதையில் உறைமழை, இறங்குவது தனக்குச் சரியாகப் படவில்லை, ஓமாஹாவுக்கே திரும்புகிறோம், மன்னிக்கவும் என்றாள். இறக்கை சாய்ந்தது. ஜன்னலில் அடிவானம் மெதுவாகச் சுற்றி வந்தது.

விமானம் முழுக்க முனகல். எனக்குப் பக்கத்தில் டை கட்டிய ஒரு ஆள், அவசர வேலை போலிருக்கிறது, கைபேசியை மடியில் அடித்தான்.

"இருபது நிமிஷம்தான் பாக்கி! போய் ஒரு தடவ முயற்சி பண்ணிப் பாத்தா என்ன? முன்னாடி போன வண்டி இறங்கியிருக்குமே! இந்தம்மாவுக்கெல்லாம் யாருய்யா ஓட்டக் கத்துக்குடுத்தது?"

அவனைப் பார்த்தேன். ஆறு வருடம் மென்று விழுங்கிக்கொண்டிருந்த ஒன்று தொண்டைக்கு வந்தது.

"சரியா கத்துக்குடுத்தது யாருன்னு எனக்குத் தெரியாது தம்பி" என்றேன். "தப்பா கத்துக்குடுத்தது நான்தான். அவ கேக்கல."